வேர்ப்பெட்டியும் ஓதிச்சாமியின் மூச்சும்

இந்தக் காலத்தில் ஒருவன் தும்மினால் 'நூறு வயசு' என்று சொல்ல ஆள் இல்லை. "ஆரு குடுத்தது?" என்றுதான் கேட்கிறார்கள். முன்பெல்லாம் சளி பிடித்தவன் சுக்குக் காப்பி குடித்தான், இரண்டு நாள் மூக்கைச் சிந்தினான், மூன்றாம் நாள் காட்டு வேலைக்குப் போனான். இப்போது சளி பிடித்தவன் நேராக மருந்துக்கடைக்குப் போய் ஒரு பஞ்சுக் கயிற்றைக் கடிக்கிறான். கடைக்காரன் அந்தக் கயிற்றைப் பிழிந்து வேர்ப்பெட்டிக்குள் விடுகிறான். ஒரு டீ ஆறுவதற்குள் பெட்டி சொல்லிவிடுகிறது, உன் சளி உன் பெண்டாட்டியிடமிருந்து வந்தது, அவளுக்கு அவள் ஆபீஸ் மேனேஜரிடமிருந்து வந்தது என்று. அப்புறம் எந்தக் குடும்பம் உருப்படும்?

போன தை மாதம் கணேசபுரத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுப் போனவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். பெட்டி சம்பந்தியம்மாளைக் காட்டிக்கொடுத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். சம்பந்திகள்தான் டைவர்ஸ் ஆகிவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஓதிச்சாமி ஒருமுறை காறித் துப்புவார். அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அன்னூருக்கு மேற்கே நொச்சிக்காட்டுப்புதூரில் அவருக்கு ஒரு சின்னப் பன்றிக் கொட்டில். எழுபதைத் தாண்டிய உடம்பு. மூன்றாம் வகுப்பு வாத்தியார் பிரம்பால் அடித்ததில் பள்ளிக்கூடத்தை விட்டவர், அன்றிலிருந்து எழுதி வைத்த எதையும் நம்பியதில்லை. கரண்ட் மீட்டர், மாத்திரை அட்டை, வானிலை அறிக்கை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். எவனோ எங்கேயோ உட்கார்ந்து எழுதுகிறான், நாம் ஏன் நம்ப வேண்டும்?

ஆனால் ஊர் அவரை நம்பியது. காரணம் அவர் மூச்சு.

நொச்சிக்காட்டுப்புதூரில் ஏழெட்டுக் கொட்டில்கள். எல்லாம் வெள்ளைப் பன்றி. கிறிஸ்துமஸுக்குக் கேரளத்திலிருந்து லாரி வரும், அதற்குள் குட்டிகள் எடை ஏறியிருக்க வேண்டும். அதனால் பன்றி வளர்ப்போர் சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி, இனவிருத்திக்கென்றே வைத்திருக்கும் தன்னுடைய பொலிப்பன்றியைச் சின்ன டெம்போவில் ஏற்றி, ஒரே வாரத்தில் எல்லாக் கொட்டிலுக்கும் சுற்றுக்கு அனுப்புவார். கூலி, ஈற்றுக்கு ஒரு குட்டி. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் கழித்து ஊரில் இருக்கிற அத்தனை தாய்ப்பன்றியும் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டி போடும். அந்த ஒரு வாரம் ஓதிச்சாமிக்குத் தூக்கம் கிடையாது. எந்தக் குட்டியாவது மூச்சில்லாமல் விழுந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். துண்டால் குட்டியின் மூக்கைத் துடைத்து, தலைகீழாக ஓர் ஆட்டு ஆட்டி, உள்ளங்கையில் வைத்து, மூக்கோடு வாய் வைத்து மெல்ல ஊதுவார். பத்தில் ஏழு பிழைத்துவிடும். "மாமனுக்கு ராசி மூச்சு" என்பார்கள். காசு வாங்க மாட்டார். ஒரு காப்பி போதும்.

அந்த வருஷமும் அப்படித்தான். குட்டிகள் பிறந்தன, ஓதிச்சாமி ஊதினார், ஊர் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பத்ரன் கொட்டிலில் ஒரு பன்றி இருமியது.

பத்ரன், ஓதிச்சாமியின் இறந்துபோன மனைவிக்குத் தம்பி. ஓதிச்சாமிக்குப் பிள்ளை குட்டி இல்லை. சோறு பத்ரன் வீட்டில்தான். பத்ரனின் மனைவி மயிலாத்தாள் தினமும் தூக்குப்போசியில் போட்டுக் கொடுப்பாள், குழம்பு நன்றாக இல்லை என்று இவர் தினமும் சொல்வார்.

பத்ரன் கொட்டிலுக்கு அடுத்து இன்னொரு கொட்டில் இருமியது. அதற்கடுத்து வெள்ளியங்கிரி கொட்டில். ஓதிச்சாமியின் சொந்தப் பன்றிகளும் சேர்ந்துகொண்டன. வாரம் முடிவதற்குள் ஊர் முழுக்க இருமல். மேய்ச்சலுக்குப் போகிற ஆடுகள்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

பன்றிச் சளியில் பன்றி சாவது குறைவு. பயம் அதுவல்ல, சட்டம். முன்பு பன்றிக்குக் காய்ச்சல் என்றால் ஊர்ப் பன்றி மொத்தத்தையும் குழி தோண்டி மூடுவார்கள், மனிதனுக்குத் தாவிவிடும் என்ற கிலி. வேர்ப்பெட்டி வந்ததும் சட்டத்தை மாற்றினார்கள். கிருமி முதலில் வேர்விட்ட கொட்டிலை மட்டும் மூடு, மற்றதுக்கு மருந்து கொடு. கொல்வது குறையும், நியாயமாகவும் இருக்கும். ஊரோடு போவதைவிட ஒருத்தனோடு போகட்டும் என்று எல்லா ஊரிலும் கைதட்டினார்கள். அந்த ஒருத்தன் நானாக இருப்பேன் என்று கைதட்டும்போது எவன் நினைக்கிறான்?

பெட்டியோடு வந்தவர் கால்நடை டாக்டர் பியூலா. நாசரேத்துப் பக்கத்துப் பெண். போன மாதம் தடுப்பூசி முகாமுக்கும் அவர்தான் வந்திருந்தார், அதனால் ஊருக்குப் புதிதில்லை. ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு தடித்த பஞ்சுக் கயிற்றைத் தொங்கவிட்டார். பன்றிகள் அதற்கு முட்டி மோதிக்கொண்டு கடித்தன. இழவு வீட்டுப் பந்தியில் வடைக்கு அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. எச்சில் ஊறிய கயிற்றைப் பிழிந்து, சின்னக் குப்பியில் பிடித்து, பெட்டிக்குள் வைத்தார். டிபன் பாக்ஸ் அளவுதான் பெட்டி. தீவனப் பீப்பாயின் மேல் உட்கார்ந்துகொண்டு பச்சை விளக்கைச் சிமிட்டியது.

ஓதிச்சாமி இருமிக்கொண்டே அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன அம்மிணி நடக்குது?"

"கிருமியோட ஜீனோமைப் படிக்குதுய்யா. அது எப்படி இருக்கணும், என்ன செய்யணும்னு அதுக்குள்ளேயே எழுதியிருக்கும். இந்தக் கிருமிக்கு எட்டுத் துண்டா எழுதியிருக்கு. பெட்டி அதை ஒரு எழுத்து விடாமப் படிச்சிரும்."

"படிச்சு?"

"கிருமி பெருகும்போது அந்த எழுத்தைப் பார்த்து எழுதிக்கிடும். அவசரத்துல அங்கங்கே ஒரு தப்பு விழும். அந்தத் தப்பு அதோட குட்டிக்கும் போகும், பேரனுக்கும் போகும். நீங்க அடையாளத்துக்குப் பன்னி காதுல வெட்டு வைப்பீங்கள்லா, அது மாதிரி."

"காது வெட்டு குட்டிக்கு வராது."

"இது வரும். அதுதான் விசேஷம். ரெண்டு கொட்டில் கிருமியிலயும் ஒரே வெட்டு இருந்தா ரெண்டும் ஒரே வம்சம். ஒண்ணுல கூடுதலா ஒரு வெட்டு இருந்தா அது பின்னாடி வந்தது. இப்படியே பின்னால போனா வேர் தெரிஞ்சிரும்."

"எழுதறவனே தப்பா எழுதறான்னு நீயே சொல்ற. படிக்கறவன் மட்டும் தப்பாப் படிக்க மாட்டானா?"

பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குத்தான் ஒரே இடத்தை நூறு தடவை படிக்கும்."

"நூறு தடவை சொன்னாப் பொய் நெசமாயிருமாக்கும்" என்று சொல்லிவிட்டு ஓதிச்சாமி வேப்பங்குச்சியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் எல்லோரும் கூடினார்கள். பியூலாவின் முகத்தில் குழப்பம் தெரிந்தது.

"ஒரு கொட்டில்ல இருந்து இன்னொண்ணுக்குப் போயிருந்தா தாய், மகள், பேத்தின்னு வரிசையாத் தெரியணும். இங்க அப்படி இல்ல. எல்லாக் கொட்டில் கிருமியும் அக்கா தங்கச்சிங்க. எல்லாத்துக்கும் தாய் ஒண்ணுதான். ஆனா அந்தத் தாய் எந்தக் கொட்டில்லயும் இல்ல."

"தாய் இல்லாமப் புள்ள பொறக்குமா?" என்றார் வெள்ளியங்கிரி. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன், பேச்சில் எப்போதும் ஒரு அவசரம்.

"எங்கேயோ இருக்கு. நம்ம பார்க்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்கலேன்னா, முதல்ல நோய் வந்த கொட்டிலையே வேர்னு வச்சுக்கணும். சட்டம் அப்படி."

யாரும் பத்ரனைப் பார்க்கவில்லை. அதுவே எல்லோரும் பார்த்த மாதிரிதான் இருந்தது. பத்ரன் உட்கார்ந்த இடத்தில் சரளைக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். மனிதன் ஐம்பது வயதில் கொட்டில் போட்டவன். அதற்கு முன்னால் மில்லில் இருந்தான், மில் மூடியது. மறுபடி ஒரு மூடலைத் தாங்க அவனுக்கு வயதும் இல்லை, வழியும் இல்லை.

"மனசுக்குக் கஷ்டந்தான்" என்றார் வெள்ளியங்கிரி. "ஆனா ஒண்ணோட போச்சுன்னா மீதி பொழைக்கும். பத்ரனுக்கு நாம எல்லாஞ் சேர்ந்து ஏதாச்சும் பண்ணலாம்."

"என்ன பண்ணுவீங்க, மாலை போடுவீங்களா?" என்றார் ஓதிச்சாமி. "உன்ற பொலிப்பன்னி ஊரெல்லாம் மாமியார் வீட்டுக்குப் போற மாதிரிப் போயிட்டு வந்துச்சே, அதைக் கயிறு கடிக்க வெச்சியா?"

"அது போனது மூணு மாசம் முன்னாடிங்க. சளி வந்தது இப்ப."

"அப்ப தீவன டெம்போ? ஓட்டல் எச்சில் கொண்டாற பீப்பாய்? காக்கா?" அவர் பியூலா பக்கம் திரும்பினார். "இதா பாரு அம்மிணி. உன்ற பொட்டிய நான் நம்பறதில்ல. ஆனா பொட்டியே தாய் வேறன்னு சொல்லுதல்ல? அப்ப அந்தத் தாயைப் புடி. ஊருக்குள்ள எல்லாக் கொட்டிலுக்கும் போய்ட்டு வர்றது எதுன்னு பாரு. அதைக் கண்டுபுடிக்காம என்ற மாப்ள கொட்டில்ல மம்பட்டிய வெச்சீன்னா, குழியில மொதல்ல நான் எறங்கி உக்காந்துக்குவேன்."

"தேடறேன்யா" என்றார் பியூலா. சொன்னபடி தேடினார். பொலிப்பன்றி கயிற்றைக் கடித்தது, சுத்தம். டெம்போவைத் துடைத்தார், பீப்பாயைச் சுரண்டினார், சுத்தம். காக்காய்க்கு மட்டும்தான் கயிறு கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்ரன் கொட்டிலில் கலெக்டரம்மாவுக்கு வலி கண்டது. கலெக்டரம்மா என்பது ஒரு தாய்ப்பன்றி. நடையும் பார்வையும் அப்படி. சுற்றுக்கு வந்த பொலிப்பன்றியை முதல் தடவை கடித்துத் துரத்திவிட்டாள், இரண்டாம் தடவைதான் ஒப்புக்கொண்டாள். அதனால் ஊரில் கடைசி ஈற்று அவளுடையதுதான். மறுநாள் குழிக்குள் போகப் போகிற கொட்டிலில் அன்றைக்குப் பிரசவம். மயிலாத்தாள் சாக்கை விரித்துக்கொண்டே அழுதாள்.

"அழுகாச்சிய அப்பறம் வெச்சுக்க. சுடுதண்ணி கொண்டா" என்றார் ஓதிச்சாமி.

நாலைந்து குட்டிகள் நல்லபடியாக வந்தன. அடுத்தது நீலம் பாரித்து, துணி பொம்மை மாதிரி விழுந்தது. ஓதிச்சாமி தோளில் கிடந்த துண்டால் அதன் மூக்கைத் துடைத்தார். ஓர் ஆட்டு ஆட்டினார். ஓரமாகத் திரும்பி இருமிக்கொண்டார். குட்டியை உள்ளங்கையில் ஏந்தி, மூக்கில் வாய் வைத்து ஊதினார். கொஞ்சம் விட்டு மறுபடி. குட்டியின் விலா ஒருமுறை துடித்தது. பிறகு ஒரு கீச்சு.

கதவோரம் நின்றிருந்த பியூலா கைதட்டவில்லை. கையில் இருந்த கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, இந்த மாதிரி எல்லாக் கொட்டிலுக்கும் போவீங்களா?"

"கூப்ட்டாப் போவேன்."

"கூப்புடாத கொட்டில் ஏதுங்க டாக்டரம்மா?" மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னாள். "இந்த ஈத்துல ஊருக்குள்ள அத்தன கொட்டில்லயும் இந்த அண்ணன் மூச்சுதான் ஓடுது. அவருக்கு ராசி."

"மொதல்ல எங்க போனீங்க?"

"இங்கதான். மாப்ள கொட்டிலுக்கு. எதுக்குக் கேக்கற?"

பியூலா கொட்டிலை விட்டு வெளியே வந்தார். ஓதிச்சாமியும் பின்னால் வந்தார். பைக்குள் கை விட்டு ஒரு புதிய கயிற்றை எடுத்து நீட்டினார் பியூலா.

"இதை நீங்க கடிக்கணும்யா."

ஓதிச்சாமி கயிற்றைப் பார்த்தார். பன்றியைப் பார்த்தார். "என்ன அம்மிணி, ஆள் அடையாளம் மாறிப் போச்சா?"

"மனுஷன் சளி பன்னிக்கு வரும்யா. பன்னிகிட்ட இருந்து மனுஷனுக்கு வர்றதைத்தான் எல்லாரும் பேசுவாங்க. ஆனா அதைவிட மனுஷன்கிட்ட இருந்து பன்னிக்குப் போறதுதான் ஜாஸ்தி. நீங்க ஒரு மாசமா இருமுறீங்க."

"வயசான தொண்டை, இருமும். அதுக்கு வம்சாவளி வேணுமா?"

பத்ரனும் வந்து நின்றான். "வேண்டாமுங்க டாக்டரம்மா. என்ற மச்சானை ஏன் இழுக்கறீங்க? வெள்ளிக்கெழமை வரட்டும். போறது என்ற கொட்டிலாவே இருக்கட்டும்."

அந்தப் பேச்சுதான் ஓதிச்சாமியைக் கிளப்பிவிட்டது. "நீ வாயை மூடறா. இந்தா, குடு. பொட்டி பொய் சொல்லுதுன்னு இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்தர்றேன்."

அங்கேயே, ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, கரும்பு கடிக்கிற மாதிரி கடித்தார். "உப்புக் காரம் ஒண்ணுமில்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

பச்சை விளக்கு சிமிட்டியது. மயிலாத்தாள் கொண்டுவந்த காப்பியில் பாதிகூடக் குடிக்கவில்லை, விளக்கு நின்றது. பியூலா திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன, நான் எந்தக் கிளைன்னு சொல்லுது?"

"கிளை இல்லய்யா." குரல் இறங்கிவிட்டது. "எல்லாக் கொட்டில்லயும் இருக்கிற வெட்டு உங்ககிட்ட இருக்கு. அவங்கவங்களுக்குத் தனித்தனியா இருக்கிற வெட்டு ஒண்ணும் உங்ககிட்ட இல்ல. நீங்கதான் தாய்."

உள்ளே புதுக் குட்டிகள் பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

"பெத்த புள்ள ஒண்ணில்ல" என்றார் ஓதிச்சாமி. "இப்ப ஊர்ச் சளிக்கெல்லாம் நான் ஆத்தாவா. நல்லாருக்குது உன்ற பொட்டி." அவர் முகம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி ஆகியிருந்தது. குட்டிக்கு உயிர் கொடுத்த மூச்சுதான் கொட்டிலுக்கு நோயும் கொடுத்தது என்று ஒரு டிபன் பாக்ஸ் சொல்கிறது. அதை ஒத்துக்கொள்வதானால் அவர் எதற்கு இத்தனை வருஷம் எதையும் நம்பாமல் இருந்தார்?

"அப்படின்னா எனக்குக் குடுத்தது ஆரு? நான் என்ன வானத்துலருந்தா புடிச்சேன்? அதையும் பாரு."

"அது மனுஷங்க கணக்குல பார்க்கணும். பன்னி கணக்கும் மனுஷன் கணக்கும் தனித்தனி. ரெண்டையும் சேர்த்து யாரும் பார்க்கறதில்ல."

"நீ பாரு."

பியூலா விரலால் திரையை இரண்டு மூன்று முறை தள்ளினார். பிறகு தள்ளவில்லை. காது மடல் சிவந்துபோனது.

"ஏன், பாக்கக்கூடாத படமா?"

"தடுப்பூசி முகாமுக்கு வந்தப்போ எனக்குச் சளி இருந்துதுய்யா. நானும் கயிறு கடிச்சிருந்தேன். லீவு தரல. நீங்க..."

ஓதிச்சாமிக்கு ஞாபகம் வந்தது. வெயிலில் நின்று விடாமல் தும்மிக்கொண்டிருந்த பெண். கைக்குட்டை நனைந்துபோய் நின்றபோது, "இந்தா தொடச்சுக்க அம்மிணி" என்று துண்டைக் கொடுத்தவர் அவர்தான். பியூலா முகம் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தன்னை அறியாமல் தோளைத் தடவிப் பார்த்தார். அதே துண்டு. அன்றைக்கு முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் இருமலும் வந்தது.

"இதை வெளிய சொல்லிப் போடாத. உன்னையும் குழி தோண்டிப் பொதைச்சுருவானுக."

பியூலா சிரிக்கவில்லை. "சட்டத்துல ஒரு வரி இருக்குய்யா. இதுவரைக்கும் யாருக்கும் தேவைப்பட்டதில்ல. வேர் கொட்டிலா இல்லாம மனுஷனா இருந்தா எந்தக் கொட்டிலையும் மூட வேண்டாம். ஆனா மனுஷன் எச்சில் அவனோட சொந்த விஷயம். அவனே ஒப்புக்கிட்டாத்தான் எழுத முடியும். ஒப்புக்கலைன்னா நான் எதையும் பார்க்கல."

"ஒப்புக்கிட்டா?"

"ஊரே பார்க்கிற பலகையில உங்க பேர் வரும். ஒரு வருஷம் எந்தப் பன்னிக் கொட்டில் வாசலையும் நீங்க மிதிக்கக் கூடாது. உங்க சொந்தக் கொட்டிலையும்."

"மச்சான், வேண்டாம்" என்றான் பத்ரன்.

ஓதிச்சாமி தன் கொட்டில் இருந்த பக்கம் பார்த்தார். அவருக்கு வீடு என்று தனியாக இருந்தாலும் படுக்கை கொட்டில் ஓரத்தில்தான். காலையில் கண் விழித்ததும் முதலில் கேட்பது பன்றிகள் உறுமுகிற சத்தம். கொட்டிலுக்குப் போகாமல் ஒரு வருஷம் என்றால் எங்கே போய் நிற்பது, பேக்கரியில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனை எண்ணுவதா? நம்பாத ஒன்றுக்காக அதைச் செய்ய வேண்டும். பொய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் யாரும் கேட்க முடியாது. நாளைக்கு மம்பட்டி வரும், அவ்வளவுதான்.

உள்ளே கலெக்டரம்மா உறுமினாள்.

"எழுதிக்க" என்றார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. நான் இதை நம்பல. நாளைக்கு எவனாச்சும், ஓதிச்சாமியே ஒத்துக்கிட்டான்னு சொன்னா, இல்லைன்னுதான் சொல்லுவேன். ஒத்துக்கல. பேரு குடுத்தேன். ரெண்டும் வேற."

"என் பேரையும் சேர்த்து எழுதணும்யா."

"எழுதினா என்ற தடை போயிருமா?"

"போகாது. ரெண்டு பேருக்குமே தடை."

"அப்ப எதுக்கு ரெண்டு பேர் கெடோணும்? கணக்கு ஒருத்தனோட முடியட்டும். எழுதற வேலையப் பாரு."

பெட்டிக்கு முன்னால் விரலை வைத்தார். பெட்டி நன்றி என்று சொன்னது. "வேண்டாம்" என்றார் அதற்கும்.

வெள்ளிக்கிழமை மம்பட்டி வரவில்லை. மருந்து வந்தது. பன்றிகள் தேறின. ஓதிச்சாமியின் பன்றிகளைப் பத்ரன் தன் கொட்டிலுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அவை போகும்போது இவர் வேண்டுமென்றே பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் என்ன செய்தது? ஊர் செய்வதைச் செய்தது. பத்ரனைக் குழிக்கு அனுப்பச் சம்மதித்தவர்கள், இப்போது பத்ரனிடம் போய், "பாத்தியா, கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான்" என்றார்கள். ராசி மூச்சு என்று காப்பி கொடுத்த கையெல்லாம், பேக்கரியில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி ஊன்றிக்கொண்டது. வெள்ளியங்கிரி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, அந்த ஊதற வேலையை இனிமேல் மெசின்ல பண்ணலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

"பண்ணு. மெசினுக்குச் சளி புடிச்சா எனக்குச் சொல்லியனுப்பு."

இருமல் நின்றது. அடுத்த சுற்று வந்தது, பொலிப்பன்றி டெம்போவில் ஊரைச் சுற்றியது. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாளும் போனது. ஒரு காலை நேரம் பத்ரன் கொட்டிலில் சத்தம் கேட்டு ஓதிச்சாமி வந்தார். வாசலுக்கு வரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம், வண்டிப் பாதையில் நின்றார்.

உள்ளே ஒரு புது டாக்டர் இருந்தார். இளம் ஆள், மீசை சரியாக வளரவில்லை.

"அந்த அம்மிணி வரலீங்களா?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டார் ஓதிச்சாமி.

"பியூலா மேடமா? அவங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கறாங்க. ஒரு வருஷம் பண்ணைப் பக்கம் வரக்கூடாதுன்னு தடை. யாரும் கேக்கல, அவங்களேதான் பேரைக் குடுத்தாங்க. பலகையில இருக்குமே, இந்த ஊர் வரிசையில உங்க பேருக்கு மேல அவங்க பேர். நீங்க பார்க்கலையா?"

எழுதி வைத்ததை அவர் எப்போது பார்த்தார்?

"கூறு கெட்ட புள்ள" என்றார் மெதுவாக. "வேண்டாம்னு சொன்னனே."

அப்போது உள்ளே மயிலாத்தாள் கூவினாள். ஒரு குட்டி அசைவில்லாமல் விழுந்திருந்தது. பத்ரன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் வேலிப் பக்கம் ஓடி வந்தான். ஓதிச்சாமியின் கை தானாக நீண்டது. பாதி வழியில் நின்றது. கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார்.

"நீ ஊது."

"எனக்கு வராது மச்சான்."

"மூக்கைத் தொடச்சு விடு. தலைகீழா ஆட்டு. இன்னொருக்கா. இப்ப வாய் வை. பலூன் ஊதற மாதிரி ஊதாதே, வெடிச்சுரும். வெளக்கு அணையாம ஊதற மாதிரி. விடு. மறுபடி."

பத்ரன் ஊதினான். ஒன்றும் இல்லை. ஊதினான். டாக்டரும் வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவதோ நான்காவதோ ஊதலில் குட்டியின் கால் ஒன்று உதைத்தது. அப்புறம் அந்தக் கீச்சு.

பத்ரன் குட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிரித்தான், கண் நனைந்திருந்தது. "மச்சான், இப்பவாச்சும் சொல்லுங்க. பொட்டி சொன்னது நெசந்தானுங்களே?"

"பொட்டியாவது மண்ணாவது. எவனோ எழுதினதை எதுவோ படிக்குது. அதை நம்பி ஒரு நல்ல புள்ளைய ரூமுக்குள்ள ஒக்கார வெச்சிருக்கானுக." திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"அப்பறம் எதுக்கு மூஞ்சியைக் கட்டியிருக்கறீங்க?"

துண்டு அவர் மூக்கையும் வாயையும் சுற்றி, பிடரியில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. வரும்போதே கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"புழுதி" என்றார் திரும்பிப் பார்க்காமல்.

முந்தின நாள் முழுக்க மழை. ஈரம் சொதசொதவென்று இருந்த பாதையில் செருப்பு ஒட்டி ஒட்டி விட, ஓதிச்சாமி போய்க்கொண்டே இருந்தார்.